பிழைத்தவர் சொல்லும் நன்றி

1898 ஆகஸ்டில் பெங்களூருக்குள் பிளேக் நுழைந்தது. பம்பாயில் இரண்டாண்டாக உயிர்களை வாரிக்கொண்டிருந்த நோய் ரயில் பாதையோடு இங்கும் வந்து சேர்ந்தது. அல்சூரும் அதை ஒட்டிய கண்டோன்மென்ட் தெருக்களும் தமிழர் நிறைந்த பகுதிகள். 1809இல் படைமுகாம் அமைந்த நாள் தொட்டு, தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்த கொத்தனார்கள், சமையல்காரர்கள், சலவைத் தொழிலாளர்கள், பட்டாளத்துக்குச் சரக்கு கொடுத்த வணிகர்கள் என்று பலரும் இங்கே நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். கூரையிலிருந்து ஓர் எலி செத்து விழுந்தால் போதும், குடும்பம் மூட்டை கட்டிவிடும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டும், காய்ச்சல் ஏறும், பலர் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

அந்தச் சாவுகளுக்குப் பின் நகரத்தில் கோயில்கள் எழுந்தன. நோயின் பெயரையே அம்மன் பெயரோடு சேர்த்து 'பிளேக் மாரியம்மன்' என்று கும்பிட்டார்கள். அந்தப் பெயரில் பெங்களூரில் இன்றும் கோயில்கள் உண்டு. கூடவே புதிய குடியிருப்புகளும் எழுந்தன. மேற்கே மல்லேஸ்வரமும் தெற்கே பசவனகுடியும். அல்சூருக்குப் பக்கத்தில் 1910இல் பிரேசர் டவுன். பிளேக் அண்டாத ஊரை எப்படி அமைப்பது என்பதை ஸ்டீபன்ஸ் என்ற பொறியாளர் 1914இல் ஒரு நூலாகவே எழுதினார். எலி வளை தோண்ட முடியாத தரை, காற்றும் வெளிச்சமும் புகும் அறை, இருட்டு மூலை இல்லாத வீடு என்பதே அவருடைய கணக்கு. எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்று பால் லூயி சிமோன் கராச்சியில் கண்டதும் அதே 1898இல்தான்.

கோயிலை அறியாமை என்றும் குடியிருப்பை அறிவு என்றும் பிரித்துப் பேசுவது நம் படித்தவர்களுக்கு வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாரியம்மன் வழிபாட்டைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். அம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அடுப்பில் தாளிப்புக் கிடையாது. வெளியாள் படியேறக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை இதுதான் நடைமுறை. நோயைத் தந்தவளும் அவளே, தணிப்பவளும் அவளே. படுத்திருப்பவரைப் பாவி என்று யாரும் ஒதுக்கவில்லை. அம்மாவே வந்திருப்பதாகச் சொல்லி அவரையே வணங்கினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளும் பிள்ளை பிழைத்தவளும் ஆடி ஞாயிறன்று ஒரே அண்டாவிலிருந்து கூழ் வாங்கிக் குடிக்க முடிந்தது. 'உன் பிள்ளை ஏன் போனான்' என்ற விசாரணை அங்கே நடக்கவில்லை.

விசாரணை தொடங்கும் இடத்தில்தான் நன்றி கெட்டுப்போகிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆழிப்பேரலை கொண்டுபோனது. வேளாங்கண்ணியில் மாதா பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை. உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள். அதே ஊர்க் கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நின்றிருந்த யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். தப்பியவர் மண்டியிட்டு அழுது நன்றி சொன்னதில் யார் குறை காண முடியும்? ஆனால் 'மாதா எங்களைக் காப்பாற்றினாள்' என்பதை ஒரு விளக்கமாக ஊருக்குச் சொல்லத் தொடங்கினால், கரையில் செத்தவர்களை அவள் கைவிட்டாள் என்பதும் சேர்ந்தே வந்துவிடும். செத்தவர்களும் அவளைத் தேடி வந்தவர்கள்தாமே! 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் அழித்தபோதும் இதே பேச்சு எழுந்தது. ராமேஸ்வரம் கோயிலில் அடைக்கலம் புகுந்தவர்கள் பிழைத்தார்கள். பாம்பனிலிருந்து வந்த ரயிலில் இருந்தவர்கள் பிழைக்கவில்லை.

பெரியவர்களும் இந்த இடத்தில் சறுக்கியிருக்கிறார்கள். 1934 ஜனவரி 15இல் பீகாரில் பூகம்பம். ஹரிஜன சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தி, தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை அது என்று திருநெல்வேலியில் பேசினார். தாகூர் விடவில்லை. இப்படிக் கொன்று பாடம் புகட்டும் கடவுளைவிட மனிதனே ஒழுக்கத்தில் மேலானவன் ஆகிவிடுவானே என்ற பொருளில் மறுப்பு எழுதினார். காந்தி அந்த மறுப்பைத் தம் 'ஹரிஜன்' ஏட்டிலேயே வெளியிட்டார். கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. தீண்டாமையை ஒழிக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை. இந்த வாதத்தில் என் ஓட்டு தாகூருக்கே.

நம் மரபில் இதைவிடத் தெளிவான ஒரு கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. திருவீழிமிழலையில் பஞ்சம். அப்பரும் சம்பந்தரும் அங்கே இருக்கிறார்கள். பஞ்சம் ஏன் வந்தது என்று சேக்கிழார் அவர்களை விவாதிக்க விடவில்லை. இறைவன் ஆளுக்கொரு படிக்காசு நாள்தோறும் வைக்கிறான். அதைக் கொண்டு அரிசி வாங்கி ஊருக்குச் சோறு போடுகிறார்கள். சம்பந்தருக்குக் கிடைத்த காசு கடைத்தெருவில் வட்டம் என்ற பிடித்தம் போக மாறியதால் அவர் மடத்தில் சோறு ஆகத் தாமதம். அவர் என்ன செய்தார்? நல்ல காசாகக் கொடு என்று இறைவனிடமே பாடிக் கேட்டு வாங்கினார். பசித்தவன் இலையில் சோறு விழ நேரமாகிறது என்பதற்காகக் கடவுளிடமே முறையிட்ட பக்தி இது. உழவாரம் பிடித்த அப்பருக்கு முதலிலிருந்தே நல்ல காசு கிடைத்ததாம். கைவேலை செய்பவனுக்குக் கூலியில் பிடித்தம் கூடாது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அல்சூர் ஏரிக்கரையில் பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட சிலையில் இருக்கும் வள்ளுவர் இன்னும் ஒருபடி மேலே போனவர். கடவுள் வாழ்த்தோடு நூலைத் தொடங்கியவர்தான், ஒருவன் பிச்சையெடுத்துத்தான் உயிர்வாழ வேண்டுமென்றால் உலகைப் படைத்தவனும் அலைந்து கெடட்டும் என்று சபித்தார். செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்தின் பத்துக் குறளிலும் கடவுள் வரவில்லை. மனிதனுக்கு மனிதன் செய்த உதவியே பேச்சு. வாழ்த்தையும் சாபத்தையும் ஒரே நூலில் வைக்க அவருக்குத் தயக்கமில்லை.

செப்டம்பர் 8 திருவிழாவுக்காக ஆண்டுதோறும் பெங்களூரிலிருந்து காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களில் இதைப் படிப்பவர்களும் இருப்பீர்கள். சுனாமியில் இறந்தவர்களுக்கு அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறது. நேர்ச்சையை முடித்த கையோடு அங்கும் போய்வாருங்கள். உண்டியலுக்கென்று முடிந்து வைத்த பணத்தில் ஒரு பங்கை அந்தக் கரையின் மீனவப் பிள்ளைகள் படிப்புக்குக் கொடுத்தால், மாதா அதைத் தன் கணக்கில் வரவு வைக்காமலா போய்விடுவாள்?