பழைய இல்லமும் பொருட்காட்சிச் சாலையும்



நம் ஏரியூரை அடுத்த நாகமரைத் துறையில் நின்று காவிரியை நோக்குவார்க்கு ஒரு காட்சி புலனாகும். மேட்டூர் அணையில் நீர் மிகக் குறையுங்காலத்து, எதிர்க்கரையாகிய பண்ணவாடிப் பக்கத்தில் சலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும், பழைய கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் நீர்மேல் எழுந்து தோன்றும். அணை நிறைவெய்தியது 1934-ஆம் ஆண்டில். அதனால் மூழ்கிய ஊர்களில் கோயில்கள் மட்டுமோ இருந்தன? திண்ணையும் முற்றமும் தானியக் குதிரும் உடைய இல்லங்கள் எத்தனையோ இருந்தன. கல்லாலாகிய நந்தி இன்றும் எழுகின்றது. மண்ணாலும் மரத்தாலும் ஓட்டாலும் ஆகிய இல்லங்கள் எழுவதில்லை.

அவை நீரால் அழிந்தன. கரைமேல் எஞ்சிய பழைய இல்லங்களோ பாகப் பிரிவினையாலும், கவனிப்பின்மையாலும், நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறான பழுதுபார்ப்பாலும் அழிந்து வருகின்றன. ஆதலின், ஒரு பழைய இல்லத்தைப் புதுக்கிப் பொருட்காட்சிச் சாலையாக்க விரும்புவோர் முதற்கண் எண்ண வேண்டுவன யாவை என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இதற்கு எடுத்துக்காட்டு நெடுந்தொலைவில் இல்லை. 1878-ஆம் ஆண்டில் இராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இல்லம், கிருட்டிணகிரி தனி மாவட்டமான 2004-ஆம் ஆண்டு வரை நம் தருமபுரி மாவட்டத்ததே. தமிழக அரசினர் அதனை நினைவில்லமாகப் பேணி வருகின்றனர். கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில், கணித மேதை இராமாநுசன் வளர்ந்த இல்லம் உளது. 1887-இல் ஈரோட்டில் பிறந்து, 1918-இல் இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினராகி, 1920-இல் தம் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்த அப்பெரியாரின் இல்லத்தைச் சாஸ்திரா பல்கலைக்கழகத்தார் 2003-ஆம் ஆண்டில் விலைக்குப் பெற்றுக் காத்து வருகின்றனர்.

அவ்வில்லத்தின் பெருமை அதன் சிறுமையிலேயே உளது. ஓடு வேய்ந்த எளிய வீடு. தெருவை நோக்கிய திண்ணை. சன்னலோரத்தில் ஒரு கட்டில். துணிக்கடைக் கணக்கர் ஒருவரின் குடும்பம் வாழ்ந்த இடம் அதுவே என்பது காண்பார்க்கு உடனே விளங்கும். அதனை இடித்து மாளிகையாக எழுப்பி வாயிலில் சிலை ஒன்று நிறுத்தியிருப்பின், சிலை கிடைத்திருக்கும், வரலாறு போயிருக்கும்.

இனி, செய்முறை. முதலாவது, உரிமை தெளிவாதல் வேண்டும். பங்காளிகள் அனைவரும் கையொப்பமிட்டு ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தாலன்றி, இன்று செலவிடும் பணம் நாளை வழக்கில் முடியும்.

இரண்டாவது, கொத்தனாரை அழைக்குமுன் வீட்டை அளந்து படம் வரைதல் வேண்டும். ஒவ்வொரு சுவரையும், தூணையும், கதவையும் நிழற்படம் எடுத்து, எக்காலத்தது எப்பகுதி என்பதை அவ்வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதுதல் வேண்டும்.

மூன்றாவது, பழைய சுவர்க்குப் பழைய காரையே பொருந்தும். சுண்ணாம்புச் சாந்தாற் கட்டிய சுவர் தன்னுள் ஏறும் ஈரத்தை வெளிவிடும் இயல்பினது. அதன்மேல் சிமெண்டுப் பூச்சு இட்டால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து உதிரும். பளபளப்பாகத் தோன்றும் அச்சுவர் உள்ளிருந்தே அழியும்.

நான்காவது, ஊகத்தை உண்மையாகக் காட்டலாகாது. 1964-ஆம் ஆண்டில் வெனிசு நகரத்திற் கூடிய கட்டடக்கலை வல்லுநர், புதுக்கும் பணி ஊகம் தொடங்குமிடத்தே நின்றுவிட வேண்டும் என்றும், புதிதாகச் சேர்ப்பது புதியதென வேறு தெரிய வேண்டும் என்றும் வகுத்தனர். கிடைக்காத கட்டிலுக்குப் பதிலாகக் கடையில் வாங்கியதை வைத்து, பெரியவர் படுத்த கட்டில் என எழுதுவது வரலாற்றுக்குச் செய்யும் வஞ்சனையாம்.

இவற்றுக்கெல்லாம் மேலாகக் காலந்தாழ்த்தலாகாது. புதுச்சேரிக் கடற்கரையில் பிரெஞ்சியர் காலத்து நகரமன்றக் கட்டடமாகிய மேரி, 2014-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பெய்த மழையில் இடிந்து வீழ்ந்தது. பின்னர்ப் பழைய வடிவிலேயே எழுப்பப்பெற்று 2021-இல் திறக்கப்பெற்றது. ஆயினும் இன்று நிற்பது புதிய கட்டடமே அன்றோ?

இன்னும் ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். நம் சங்கத்தார் பலர், நம் முன்னோர் இல்லம் ஒன்றைக் காட்சிச்சாலையாக்கினால் நம் குலப்பெருமை விளங்கும் என்பர். விளங்கட்டும். ஆயின் ஒரு வீடு அதன் தலைவரால் மட்டும் நிற்பதன்று. இராமாநுசனின் தாயார் கோமளத்தம்மாள் கல்லூரி மாணாக்கர்க்குத் தம் வீட்டில் இடமும் உணவும் அளித்தே குடும்பச் செலவை ஓரளவு ஈடுசெய்தார். அவ்வடுக்களையும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியே. நம் இல்லங்களிலும் சுவர் எழுப்பியவர், ஓடு சுட்டவர், ஆட்டுக்கல்லில் கை தேய்ந்தவர், திண்ணையேறவும் உரிமையின்றித் தெருவில் நின்று கூலி பெற்றவர் உளர். அவர்களைச் சொல்லாத காட்சிச்சாலை பாதி வரலாறே சொல்லும். அவர்தம் பேரர் அவ்வாயிலில் தலைநிமிர்ந்து நுழையும் நாளே அவ்வில்லம் ஊர்க்குப் பொதுவாகும்.

பணம் பின்னர்ச் சேரும். இப்பொழுது வேண்டுவன ஓர் அளவுநாடா, ஒரு குறிப்பேடு, முதியோரிடம் கேட்கப் பொறுமை ஆகிய மூன்றே. என் மாணாக்கர்க்குத் தத்தம் வீட்டை அளந்து படம் வரையும் பணியை இவ்வாண்டு தந்துள்ளேன். நம் சங்கத்து இளைஞரும் தத்தம் ஊரில் ஒரு பழைய இல்லத்தையேனும் அங்ஙனம் எழுதி வைப்பாராக. நீருள் போன வீடுகளைக் குறித்து இன்று நாம் இரங்குவது போல், கரைமேல் நின்ற வீடுகளைக் குறித்து நம் பேரர் இரங்காதிருத்தல் வேண்டும்.