நட்ட கண்டல் ஏன் பிழைக்கவில்லை? ஆனைவிழுந்தாவ சொல்லும் பாடம்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு களப்போரத்தில் கண்டல் கன்று நட்டோம். பதாகை கட்டினோம், படம் எடுத்தோம், முகநூலிலும் போட்டோம். அடுத்த வருடம் போய்ப் பார்த்தால் சேற்றில் வெறும் குச்சிகள்தான் நின்றன. அப்போது ஒரு மாணவன் கேட்டான்: "சேர், நாம நட்ட இடத்துல முந்தி கண்டல் இருந்திச்சா?"

வரலாறு படிப்பிக்கிற எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேடியபோதுதான் நமது மாவட்டத்திலேயே இருக்கும் ஆனைவிழுந்தாவ சரணாலயத்தின் கதை எனக்குச் சரியாக விளங்கியது.

சிலாபத்திலிருந்து புத்தளம் வரும் வழியில், கடல் பக்கமாக இருக்கிறது ஆனைவிழுந்தாவ. பரப்பளவு 1,397 ஹெக்டயர். அங்குள்ள குளங்கள் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனப்படுகின்றன. ஒரு குளம் நிரம்பினால் மிஞ்சும் நீர் அடுத்த குளத்துக்கு இறங்கும், அதிலிருந்து அதற்கடுத்ததற்கு. இப்படித் தொடராக வரும் நன்னீர் கடைசியில் கடலோரத்தில் உப்புநீரோடு கலக்கும். அந்தக் கலப்பில் வளர்ந்ததுதான் அங்குள்ள கண்டல் காடு. குளத்துப் பறவையும் கடற்கரைப் பறவையும் ஒரே இடத்தில் இரை தேடும் காட்சி அங்கே கிடைப்பதற்குக் காரணமும் இதுதான். இந்தக் காடு தண்ணீர் நடமாடும் கணக்கில் உருவான ஒன்று என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1980களில் நமது கரையோரத்துக்கு இறால் பண்ணை வந்தது. வயதில் மூத்தவர்களுக்கு அந்தக் காலம் நன்றாக ஞாபகம் இருக்கும். நல்ல காசு புழங்கியது. கண்டலை வெட்டி, மண் அணை கட்டி, தொட்டிகள் தோண்டினார்கள். பல பண்ணைகள் டச்சுக் கால்வாயிலிருந்தும் அதோடு தொடுத்த களப்புகளிலிருந்தும் நீரை எடுத்தன, கழிவு நீரையும் அங்கேயே விட்டன. ஒருவருடைய கழிவு மற்றவருடைய தொட்டிக்குள் போனது. 1996இல் வெள்ளைப் புள்ளி நோய் பரவியபோது அது பண்ணை பண்ணையாகத் தாவியதற்கு இதுவும் ஒரு காரணம். கடன் பட்டவர்கள் நொடித்துப் போனார்கள். பலர் தொட்டிகளை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்.

ஆனைவிழுந்தாவ 1997இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2001இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பூந்தலவுக்குப் பிறகு இலங்கையிலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்ற இரண்டாவது ஈரநிலம் அது. ஆனால் கைவிடப்பட்ட இறால் தொட்டிகள் சரணாலயத்துக்குள்ளேயும் கிடந்தன. வர்த்தமானியில் பெயர் வந்ததால் மண் அணை கரைந்துவிடாது. அணை நின்றதால் கடல் நீர் ஏறி இறங்க வழியில்லை. உள்ளே தேங்கிய நீர் வெயிலில் வற்ற, மண்ணில் உப்புத்தான் மிஞ்சியது. ஆள் போய் வருடக்கணக்காகியும் அங்கே காடு திரும்பி வரவில்லை.

இதற்கிடையில் 2004 டிசம்பர் 26 சுனாமி. அதன் பிறகு கண்டலின் அருமை எல்லோருக்கும் விளங்கியது. நாடெங்கும் நடுகைத் திட்டங்கள் நடந்தன. அவற்றின் முடிவு என்ன என்று ஆராய்ச்சியாளர்கள் 23 இடங்களில் போய்ப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். நட்டது ஏறக்குறைய 1,000 முதல் 1,200 ஹெக்டயர். வெற்றி கண்டதோ 200 முதல் 220 ஹெக்டயர் மட்டும். ஒன்பது இடங்களில் ஒரு கன்று கூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்த மூன்று இடங்களில் கற்பிட்டியும் ஒன்று என்பது நமக்கு ஓர் ஆறுதல்.

மற்ற இடங்களில் என்ன பிழை? கண்டலின் வேரும் மூச்சு விட வேண்டும். நாள் முழுக்க நீரில் மூழ்கும் இடத்தில் நட்டால் கன்று திணறிச் சாகும். நீரே எட்டாத மேட்டில் நட்டால் காய்ந்து சாகும். எந்த இனம் எந்த மட்டத்தில் நிற்கும் என்று பார்க்காமல், கைக்குச் சுலபமாகக் கிடைத்த கன்றையே எல்லா இடத்திலும் குத்தினார்கள். நட்ட பிறகு ஆடு மாடு மேய்வதைக் கவனிக்கவும் ஆளில்லை. இதை வாசித்தபோது நாங்கள் நட்ட குச்சிகள்தான் என் கண்முன் வந்தன.

ஆனைவிழுந்தாவவில் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களமும் வயம்ப பல்கலைக்கழகமும் இன்னும் சில அமைப்புகளும் சேர்ந்து அண்மைய வருடங்களில் வேறு வழியில் இறங்கின. அவர்கள் முதலில் கன்றைத் தூக்கவில்லை. நில மட்டம், உப்பின் அளவு, நீர் முன்பு ஓடிய தடம் எல்லாவற்றையும் பார்த்தார்கள். பிறகு பழைய தொட்டிகளின் அணைகளை வெட்டி நீருக்கு வழி விட்டார்கள். கண்டல் வித்து தாய்மரத்திலேயே முளைவிட்டு, விழுந்து, நீரில் மிதந்து வரும். மட்டம் சரியான இடத்தில் தங்கினால் தானாக வேர் பிடிக்கும். தானாக வராத இடத்தில்தான் மனிதன் கை வைக்க வேண்டும்.

2024 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்மாதிரி மீளமைப்பு முயற்சிகள் என ஏழைத் தெரிவு செய்தது. இலங்கையின் கண்டல் மீளமைப்பும் அதில் ஒன்று. 2030க்குள் 10,000 ஹெக்டயர் என்பது இலக்கு. கெட்டிக்காரத்தனமாக நட்டதற்கு மட்டும் கிடைத்த பெயரல்ல அது, தோற்றதை மறைக்காமல் பாடம் படித்ததற்கும் கிடைத்தது.

மரம் நடுவதன் நன்மையைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நடுவது நல்லதுதான். அது சாகும் என்று தெரிந்த இடத்தில் நடுவதில் என்ன நன்மை?

ஜூலை 26 கண்டல் தினம் வரும்போது பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் சங்கங்களும் மீண்டும் களப்போரத்துக்குப் போகும். போவதற்கு முன் ஒரு மாதம் ஒதுக்கி, ஊரிலுள்ள மூத்த மீனவர் ஒருவரிடம் பிள்ளைகளை அனுப்புங்கள். இங்கே முன்பு என்ன நின்றது, தண்ணீர் எந்தப் பக்கத்தால் வந்து போனது, எப்போது யார் அடைத்தார்கள் என்று கேட்டு எழுதி வரட்டும். அதோடு உரிய திணைக்களத்திடமும் கேளுங்கள். ஒருவேளை அந்த இடத்துக்குத் தேவை ஆயிரம் கன்றாக இருக்காது, அடைபட்ட ஒரு வாய்க்காலைத் திறப்பதாக இருக்கலாம்.

அந்த மாணவனுக்கு இப்போது பதில் சொல்லிவிட்டேன்: "இல்ல மகன், அங்க முந்தி கண்டல் இருக்கல்ல. அது எப்பவும் தண்ணி மூடிக் கிடக்கிற இடம். நடுறதுக்கு முதல் நாங்க கேட்டிருக்கணும்."

உங்கள் பகுதியில் முன்பு கண்டல் நின்ற இடம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு வரைபடமாகத் தொகுப்போம், இன்ஷா அல்லாஹ்.