சாகக் கிடந்தவரின் சிரிப்பு

1373, மே மாதம். இங்கிலாந்தின் நார்விச் நகரத்தில் முப்பது வயதுப் பெண் ஒருவர் சாகக் கிடக்கிறார். அவஸ்தைப்பூசுதல் கொடுத்தாயிற்று. குருவானவர் பாடுபட்ட சிலுவையை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்திருக்கிறார். உயிர் போய்விட்டதென்று நினைத்து, மகளின் கண்களை மூட அம்மா கையைத் தூக்குகிறார். அன்றைக்கு அந்த அறையில் அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தார். சுற்றி நின்றவர்களுக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது. அவர்கள் சிரித்தது தனக்குப் பிடித்திருந்தது என்று பிற்பாடு எழுதியும் வைத்தார்.

அவரை ஜூலியன் என்கிறோம். அவர் அடைபட்டு வாழ்ந்த கோயிலின் பெயர் அது. அப்போது கண்ட பதினாறு காட்சிகளைப் பற்றி அவர் எழுதியதுதான், பெண் எழுதியது என்று நமக்குத் தெரிந்த முதல் ஆங்கில நூல்.

சரி, அப்படியென்ன சிரிப்பு? சாத்தான் தன் மொத்த வன்மத்தையும் காட்டியும் ஒன்றும் நடக்கவில்லை, அன்பின் முன்னால் அவன் கையாலாகாதவன் என்று கண்டதில் வந்த சிரிப்பு. இதை நான் முதலில் பக்திக்காரர்களின் வழக்கமான பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன். நார்விச்சின் கதையைப் படித்த பிறகு அப்படி ஒதுக்க முடியவில்லை. 1349இல் கொள்ளைநோய் அந்த ஊரை வாரிக்கொண்டு போனபோது ஜூலியனுக்கு ஆறு வயது இருக்கும். 1361இல் நோய் திரும்ப வந்தது. 1369இல் இன்னொரு தடவை. பிணங்களுக்கு நடுவில் வளர்ந்த தலைமுறை அது. பிரசங்கிகளோ ‘இது உங்கள் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரிலிருந்து ஒரு பெண், கடவுளிடம் கோபம் என்பதையே நான் பார்க்கவில்லை என்று எழுதுகிறார்.

அவருடைய ஒரே ஒரு வரி இன்று காபிக் கோப்பைகளில் அச்சாகிறது. கோப்பையில் இல்லாதது அந்த வரிக்கு முன்னால் அவர் கேட்ட கேள்வி: பாவத்தை ஏன் முதலிலேயே தடுக்கவில்லை? ஆறுதல் பதில் வந்த பின்னும் அவர் விடவில்லை. பாவிக்குத் தண்டனை உண்டென்று திருச்சபை சொல்கிறது, நான் கண்டதில் பழியே இல்லை, இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பிடிப்பது என்று மல்லுக்கட்டினார். பதிலாக ஒரு காட்சி கிடைத்தது. எஜமானுக்காக ஆசையாக ஓடும் வேலைக்காரன் பள்ளத்தில் விழுந்துவிடுகிறான். எழ முடியவில்லை. திரும்பிப் பார்க்க முடியாததால் எஜமான் தன்னைக் கனிவோடு பார்த்துக்கொண்டிருப்பதும் அவனுக்குத் தெரியவில்லை. இந்தக் கதை விளங்க ஜூலியனுக்கு ஏறத்தாழ இருபது வருடம் ஆனது. முதலில் எழுதிய சின்ன நூலில் இது கிடையாது, பிறகு விரித்து எழுதியதில்தான் வருகிறது. அவருடைய மகிழ்ச்சியை நான் நம்புவதற்குக் காரணம் இந்த இருபது வருடம்தான்.

அந்த விரிந்த நூலில்தான் கடவுளைத் தாய் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்.

கோயில் சுவரை ஒட்டி ஓர் அறை. அடைபடும்போது சாவுச் சடங்கு போலவே ஜெபம் சொல்வார்கள். பலிபீடம் பார்க்க ஒரு ஜன்னல், வெளி ஆட்களோடு பேச ஒரு ஜன்னல். (இப்படி அடைபட்ட பெண்களுக்காக எழுதிய பழைய விதிநூல் ஒன்று பூனை மட்டும் வளர்க்கலாம் என்கிறது.) 1413 வாக்கில் அங்கே மார்ஜரி கெம்ப் வந்தார். போகிற இடமெல்லாம் ஓவென்று அழுது ஊராரின் ஏச்சை வாங்கியவர். தனக்கு வருவது கடவுளிடமிருந்தா, வெறும் மயக்கமா என்று கேட்டார். அந்தச் சந்தேகம் ஜூலியனுக்குப் புதிதல்ல. காட்சிகள் கண்ட அன்றே, பார்க்க வந்த துறவி ஒருவரிடம் ‘இன்னைக்கு ஏதோ உளறிட்டேன்’ என்று சொன்னவர் அவர். துறவி முதலில் சிரித்தார். சிலுவையில் ரத்தம் வழிந்ததைக் கண்டேன் என்றதும் முகம் மாறிவிட்டார். ஜூலியனுக்கு வெட்கமாகிப் போனது.

மார்ஜரியின் கண்ணீரை அவர் உளறல் என்று சொல்லவில்லை. பரிசுத்த ஆவியின் அடையாளம், பயப்படாதே என்றார். இருவரும் பல நாட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.