செட்டிநாட்டு வீடுகள்: பர்மா தேக்கும் இத்தாலிக் கல்லும்

தைப்பூசத்துக்குப் பழனி செல்லும் நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் ஒன்றுகூடிப் புறப்படுவது வழக்கம். அந்தக் காவடிகள் வந்து சேரும் ஊர்களில்தான் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் பெரிய வீடுகள் இருக்கின்றன. காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி என்று பட்டியல் நீளும்.

உள்ளே நுழைந்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாது! தூண் பர்மா தேக்கு. தரை இத்தாலியச் சலவைக்கல். நிலைக்கண்ணாடி பெல்ஜியம். சுவரில் ஜப்பான் பூ ஓடு. மாடி உச்சியில் கஜலட்சுமி. அதே வரிசையில் தொப்பியும் துப்பாக்கியுமாக வெள்ளைக்காரச் சிப்பாய் பொம்மை.

ஏன் இத்தனை கலப்பு? விடை ரங்கூனில் இருக்கிறது. 1852 போரில் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மா அரிசி ஐரோப்பாவுக்குக் குவிந்தது. விளைவிக்கும் விவசாயிக்குக் கடன் கொடுத்தவர்கள் நகரத்தார். இலங்கை, மலாயாவிலும் அதே தொழில்தான். அந்த லாபம் ஊரில் வீடாக எழுந்தது.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். பொருள் பல நாட்டுடையது என்றாலும் வீட்டு அமைப்பு மாறவே இல்லை. திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்ற அதே வரிசை. திறந்த வளவைச் சுற்றி மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. சுவருக்குச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த பளபளப்பான பூச்சு. வெளிநாட்டுப் பூ ஓடுகளைப் பார்த்த ஊர்க்காரர்கள், கண்ணாடிப் பலகையில் வண்ணச் சிமெண்ட் ஊற்றி, உள்ளூர் மணலைச் சேர்த்துத் தாங்களே வார்த்தார்கள். அதுதான் ஆத்தங்குடிக் கல்!

பிறகு வந்தது சரிவு. 1930-ல் நெல் விலை வீழ்ந்தது. கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் நகரத்தார் கைக்கு வந்தது. 1930-களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வயல் அவர்களுடையது. பர்மியரின் கோபமும் வளர்ந்தது. 1942-ல் ஜப்பான் படை நுழைந்ததும் பலர் உயிர் தப்பினால் போதும் என்று ஓடி வந்தனர். 1948-ல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை அரசுடைமையாக்கியது. வீட்டைக் கட்டிய வருமானம் போய், வீடு மட்டும் மிஞ்சியது.

இன்று ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பல பேர். விற்கவும் செப்பனிடவும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். சில வீடுகள் விடுதிகளாயின. பல பூட்டிக் கிடக்கின்றன. இடிக்கப்பட்டவற்றின் தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. பட்டியல் கூரையை ஒழுகாமல் காக்காது.

தேக்குத் தூணை வாங்கி நகரத்துப் பங்களாவில் நட்டால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் செட்டிநாட்டில் அந்தத் தூணைச் சுற்றி ஒரு வளவு இருக்கிறது. கல்யாணம் என்றால் பங்காளிகள் வந்து பூட்டைத் திறக்கிறார்கள். வீடு மறுபடி வீடாவது அந்தச் சில நாட்களில்தான்.