குருவில்லாக் காலத்துச் செபம்



யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளுள் அனலைதீவும் ஒன்று. ஊர்காவற்றுறையிலிருந்து படகேறியே அங்குச் செல்லுதல் வேண்டும். பனை நிழலும் ஐயனார் கோயிலும் அவ்வூரின் அடையாளங்கள். பெரும்பான்மையும் சைவ மக்கள் வாழும் அச்சிறு தீவுக்கு ஒரு காலத்தில் 'ரொட்டர்டாம்' என்று பெயர் இருந்தது என்றால் நேயர்களுள் சிலர் வியப்படையக்கூடும். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின், தம் தாய்நாட்டு நகரங்களின் பெயர்களையே இத்தீவுகளுக்கு இட்டனர். காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. வேலணைத்தீவு லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. இவற்றுள் நெடுந்தீவுக்கு இட்ட பெயர் ஒன்றே இன்றும் ஆங்கில வழக்கில் நின்று நிலவுகின்றது. மற்றவை ஏட்டோடு நின்றுவிட்டன.

ஊர்களின் பெயரை மாற்றிய ஆட்சியாளர் அவ்வூர்களில் வாழ்ந்தோரின் வழிபாட்டையும் மாற்ற முயன்றனர். அம்முயற்சி எங்கே வென்றது, எங்கே தோற்றது, தோற்ற இடத்தில் அதனை எதிர்த்து நின்றது யாது என்பனவற்றை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். யாழ்ப்பாண அரசு 1619ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் வசமாயிற்று. அதற்கு முன்னரே மன்னாரில் கத்தோலிக்க சமயம் வேரூன்றியிருந்தது. 1544இல் மன்னாரிலே புதிதாகத் திருமுழுக்குப் பெற்றோர் பலர் யாழ்ப்பாண மன்னனின் ஆணையாற் கொலையுண்டனர். இது ஒருபுறம். போர்த்துக்கேயர் ஆட்சி ஏற்பட்டபின் நிலை தலைகீழாயிற்று. கோயில்கள் இடிக்கப்பட்டன, ஊர்கள்தோறும் மாதாகோயில்கள் எழுந்தன, மக்கள் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களுள் உள்ளம் உருகிச் சேர்ந்தோரும் உண்டு. ஆட்சிக்கு அஞ்சிச் சேர்ந்தோரும் உண்டு. திருநெல்வேலியைச் சேர்ந்த ஞானப்பிரகாசர் என்னும் சைவப் பெரியார், பறங்கியரின் உணவுக்குப் பசுக்கொடுக்க மனமின்றி ஊரைவிட்டுச் சிதம்பரம் சென்றார் என்று மரபு கூறும். விரத நாளில் உணவுண்ட வாழையிலையைப் பிறர் காணாதபடி கூரையிற் செருகி மறைத்த கதையும் நம் முதியோர் வாயிற் கேட்டதே.

1658ஆம் ஆண்டு காட்சி மீண்டும் மாறியது. ஊர்காவற்றுறைக்கு முன்னே கடலின் நடுவே ஒரு கோட்டை நிற்கின்றது. போர்த்துக்கேயர் கட்டிய அதனை ஒல்லாந்தர் அவ்வாண்டு கைப்பற்றி, 'ஹம்மன்ஹில்' என்று பெயரிட்டனர். அவர்கள் இலங்கையைப் பன்றித்தொடை வடிவினதாகக் கண்டனர். அதன் குதிகால் இந்தக் கோட்டை என்பது அப்பெயரின் பொருள். யாழ்ப்பாணத்துக்குக் கடல்வழி வருவோர்க்கு அது வாயிற்காவல் போன்றது. அக்காவல் வீழ்ந்தபின் சில மாதங்களில் யாழ்ப்பாணக் கோட்டையும் வீழ்ந்தது.

ஒல்லாந்தர் சீர்திருத்தச் சபையினர். கத்தோலிக்க சமயத்தைத் தம் பகைவரின் சமயமாகவே கருதினர். குருமார் நாடு கடத்தப்பட்டனர். கத்தோலிக்க குருவுக்கு இடங்கொடுப்போர்க்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. மாதாகோயில்கள் சீர்திருத்தச் சபையின் ஆலயங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாற்றப்பட்டன. பிள்ளைகள் பள்ளிக்கு வராவிடிற் பெற்றோர் தண்டம் கட்டுதல் வேண்டும். திருமணம் செல்லுபடியாவதற்கும், உத்தியோகம் பெறுவதற்கும் சபைத் தோம்பிற் பெயர் இருத்தல் வேண்டும்.

இங்கே நடுநிலை தவறாது ஒன்று கூறவேண்டும். அக்காலத்தில் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பிலிப்பு பல்தேயஸ் என்னும் போதகர் கற்றவர், தமிழைப் பயின்றவர். 1672இல் அம்ஸ்ரர்டாம் நகரில் வெளியான அவருடைய நூலிற் தமிழ் எழுத்தும், தமிழிலான கர்த்தர் செபமும் அச்சேறின. தீவுகளையும் அங்குள்ள ஆலயங்களையும் பற்றி நாம் இன்று அறிவதிற் பெரும்பகுதி அவர் எழுதிவைத்ததே. அவர் பக்தியிற் குறை காண்பதற்கில்லை. ஆயின், அவருடைய ஆலயத்துக்கு வந்தவர்களுள் எத்தனைபேர் கடவுளை நாடி வந்தனர், எத்தனைபேர் தோம்பை நாடி வந்தனர் என்பது வேறு வினா.

இனி, குருவை இழந்த கத்தோலிக்க மக்களின் நிலையைப் பார்ப்போம். அவர்கள் சமயத்திற் குருவின்றிப் பூசையில்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, தேவநற்கருணை இல்லை. யாழ்ப்பாணக் கோட்டை வீழ்ந்த 1658 தொடக்கம் 1687 வரை, அதாவது ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், அவர்களுக்கென நிலையாக ஒரு குரு இருக்கவில்லை. ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து மணமுடிக்கப் போதிய காலம் அது. அவர்களுட் பலர் வெளிக்குச் சீர்திருத்தச் சபையிற் சேர்ந்தனர். பலர் முன்னோர் வழிபாட்டுக்கே மீண்டனர். ஆயினும் ஒரு பகுதியினர் தளராது நின்றனர். அவர்களை நிறுத்தியது யாது?

விடையைக் காண, அவர்களுக்கு நூறாண்டு முன் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் காலத்துக்குச் செல்லவேண்டும். 1542 முதல் அக்கடற்கரையில் உழைத்த அவர், தமிழறிந்தாரின் துணைகொண்டு விசுவாச மந்திரம், கர்த்தர் செபம், மங்கள வார்த்தைச் செபம், கற்பனைகள் ஆகியவற்றைத் தமிழாக்குவித்தார். மணியடித்துக் கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவரைக் கூட்டி மனப்பாடம் செய்வித்தார். சிறுவர் வீட்டுக்குச் சென்று தாய்க்கும் பாட்டிக்கும் அவற்றைச் சொல்லிக் கொடுத்தனர். தாம் ஓர் ஊரை விட்டுப் பெயரும்போது, அவ்வூரிற் செபத்தை நடத்துவதற்கும், குழந்தைகள் இறக்குந்தறுவாயில் இருப்பின் ஞானஸ்நானம் கொடுப்பதற்கும் ஒருவரை அமர்த்திச் சென்றார். அவருக்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர். பின்வந்த அண்டிரிக்கு அடிகளார் தமிழைத் துறைபோகக் கற்று, 1578இற் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலை அச்சிட்டார். இந்திய மண்ணில் தமிழெழுத்திலே அச்சான முதல் நூல் ஒரு செபநூலே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இந்த ஏற்பாட்டின் வலிமை இன்னல் வந்தபோதுதான் வெளிப்பட்டது. கல்லாலாகிய ஆலயத்தைப் பறிக்கலாம், குருவை நாடு கடத்தலாம், சொரூபத்தை உடைக்கலாம். தாய்மொழியில் நெஞ்சிற் பதிந்த மந்திரத்தை எந்தப் படைத்தலைவனாற் பறிமுதல் செய்ய இயலும்? மாலையில் விளக்கை ஏற்றி, கதவைச் சார்த்தி, வீட்டிலுள்ளோர் முழங்காலில் நின்று செபமாலை சொல்லுதற்குக் குருப்பட்டம் வேண்டியதில்லை. வீடே ஆலயமாயிற்று. ஊரின் மூப்பரும் உபதேசியாரும் அண்ணாவியாரும் குழந்தைகளுக்குச் செபம் கற்பித்து, இறந்தோரை அடக்கம் செய்து, திருநாட்களை நினைவூட்டி வந்தனர்.

இந்நிலையில், 1687ஆம் ஆண்டு, கோவையிலிருந்து ஓர் ஏழை யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். நான் குறிப்பிடுவது மேலைக் கடற்கரையிலுள்ள கோவா நகரை. கந்தை உடை, வெறுங்கால். உடன் வந்தவர் யுவான் என்னும் ஒரு வேலையாள். கொங்கணப் பிராமண மரபிற் கிறிஸ்தவப் பெற்றோர்க்கு 1651இற் பிறந்த யோசேவாஸ் முனிவர் அவர். அவர் பின்னே போர்த்துக்கேயரின் படை நிற்கவில்லை. சுதேச குருமாரைக் கொண்டு கோவாவில் எழுந்த ஒரத்தோரியன் சபையே அவருக்கிருந்த ஒரே பக்கபலம். அவர் குருவென்று ஒல்லாந்தர் அறியின் உயிருக்கு ஆபத்து. குருவென்று மக்கள் அறியாவிடின் வந்ததனாற் பயனில்லை. இந்தச் சங்கடத்துக்கு அவர் கண்ட வழி எளிது. கழுத்திற் செபமாலையை அணிந்து வீடுவீடாகப் பிச்சைக்குச் சென்றார். அம்மாலையைக் கண்டு எவர் முகம் மலர்கின்றது, எவர் முகம் சுளிக்கின்றது என்று பார்த்தார்.

ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். முப்பது ஆண்டு தடைக்குப்பின் அம்மாலையை அடையாளங் காண ஒருவரும் இல்லாதிருந்தால், அவர் பிச்சைக்காரராகவே இறந்திருப்பார். அடையாளங் காண ஆட்கள் இருந்தனர். வீட்டுக்குள் நாள்தோறும் செபமாலை சொன்னோரே தெருவில் அதனைக் கண்டு கொண்டனர். சில்லாலை மக்கள் அவரை ஏற்று மறைத்து வைத்தனர். இரவில் அவர் ஊர் ஊராகச் சென்று பூசை ஒப்புக்கொடுத்தார்; ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தோரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டார்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவிலே, பூசைக்குக் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தப் படையினர் வளைத்தனர். முனிவர் தப்பினார், மக்கள் பலர் சிறைப்பட்டனர். அவர்களுள் தொன் பேதுரு என்பவர் அடிகளின் கொடுமையால் உயிர் நீத்தார் என்று ஒரத்தோரியன் சபையாரின் வரலாறு கூறும். தம்மால் மக்கள் துன்புறலாகாது என்று முனிவர் புத்தளம் சென்று, 1692இற் கண்டி சேர்ந்தார். ஒற்றர் என்ற ஐயத்தால் முதலிற் சிறைப்பட்டாலும், பௌத்த மன்னனான இரண்டாம் விமலதர்மசூரியன் பின்னர் அவருடைய தூய்மையை உணர்ந்து உரிமை அளித்தான். 1697இல் அம்மை நோய் பரவியபோது, உற்றாரே கைவிட்ட நோயாளரைச் சமய வேறுபாடின்றி அவர் தம் கையாற் பேணினார். 1711 சனவரி 16ஆம் நாள் கண்டியில் மறைந்தார். 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் செய்து அப்பணியைத் தொடர்ந்தார். அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் வாசிக்கப்பட்டு வந்தது.

கதையின் முடிவு கவனிக்கத்தக்கது. 1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். தண்டமும் தோம்பும் தந்த வலிமை நீங்கியது. 1806இல் இங்கு வந்த கிளாடியஸ் புக்கானன் என்னும் ஆங்கிலப் போதகர், ஒல்லாந்தர் காலத்துப் பெரிய ஆலயங்கள் வழிபடுவோரின்றிக் கிடப்பதைக் கண்டு வருந்தி எழுதினார். அதே 1806ஆம் ஆண்டிற்றான் கத்தோலிக்கர்மீதிருந்த தடைகளை ஆங்கிலேய அரசு நீக்கியது. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு மறைந்திருந்தோர் அன்று வெளிவந்தனர். ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் இன்று நாம் காணும் கத்தோலிக்க ஆலயங்களின் மணியோசைக்குப் பின்னே அந்த மறைவுக் காலத்தின் மௌனம் இருக்கின்றது.

இதனை ஒரு சபையின் வெற்றியாகவும் மற்றொரு சபையின் தோல்வியாகவும் கொள்ளுதல் பிழை. போர்த்துக்கேயரின் ஆணைக்கு அஞ்சிச் சேர்ந்த கத்தோலிக்கரும் 1658இற் கரைந்தே போயினர். சீர்திருத்த சமயமும் பிற்காலத்தில், அரசின் கட்டாயம் இன்றி, தரங்கம்பாடியிலிருந்து வந்த கிறிஸ்தியன் தாவீது போன்றோரின் பணியாலும், 1816இல் வந்த அமெரிக்க மிசனரிமாரின் பள்ளிகளாலும் இங்கே புதிதாக வேர்விட்டது. கூரையில் இலையைச் செருகிய சைவரும், கதவைச் சார்த்திச் செபமாலை சொன்ன கத்தோலிக்கரும் ஒரே பாடத்தையே நமக்குப் புகட்டுகின்றனர். ஆட்சியின் கை விலகியபின் எஞ்சி நிற்பதே பக்தி, மற்றது பதிவேடு.

அனலைதீவுக்கு இன்று படகேறுவோர் எவரும் ரொட்டர்டாமுக்குப் போகின்றோம் என்று சொல்வதில்லை. மேலிருந்து இட்ட பெயர் அழிந்தது. வீட்டுக்குள் தாய் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த பெயர் நிலைத்தது. செபத்தின் வரலாறும் அதுவே.