வீட்டு விளையாட்டுக் கணனி: உறுப்புத் தெரிவும் உரிமையும் — ஒரு வரலாற்று நோக்கு

பயன்பாட்டுப் பொருள்களின் வரலாற்றிலே வீட்டுக் கணனி தனித்ததோர் இடத்தைப் பெறுகின்றது. வானொலிப் பெட்டியையோ தொலைக்காட்சிப் பெட்டியையோ வாங்குபவர் அதனை முழுப்பொருளாகவே வாங்குகிறார். பழுதுற்றால் திருத்துபவரிடம் ஒப்படைக்கிறார். பழையதாகிவிட்டால் புதியது தேடுகிறார். விளையாட்டின் பொருட்டுக் கணனி வைத்திருப்போரிடையே வேறொரு வழக்கம் வேரூன்றியுள்ளது. முறைவழியாக்கியை ஒரு நிறுவனத்திடமிருந்தும், தாய்ப்பலகையை இன்னொன்றிடமிருந்தும், நினைவகம், வரைகலை அட்டை, மின்வழங்கி ஆகியவற்றை வேறு வேறு நிறுவனங்களிடமிருந்தும் தெரிந்தெடுத்துத் தம் கையாலேயே பொருத்துவர். சில ஆண்டுகள் கழிந்ததும் ஓர் உறுப்பை மட்டும் கழற்றி, அவ்விடத்தில் மேம்பட்ட பிறிதொன்றை இடுவர். இதனை இளைஞரின் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், சிக்கலான பொறியொன்றை அதன் உடைமையாளரே திறந்து மாற்றியமைக்கும் உரிமை எவ்வாறு தோன்றிற்று, எத்தகைய போட்டிகளினால் நிலைத்தது, இன்று ஏன் நெருக்கடிக்கு உள்ளாகியிருக்கிறது என்பன தொழினுட்ப வரலாற்றுக்கும் பொருளியல் வரலாற்றுக்கும் ஒருங்கே உரிய வினாக்கள். அவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. செருகுவாயின் தோற்றம்

1975ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் ‘பொப்பியூலர் இலெக்ட்ரோனிக்ஸ்’ என்ற சஞ்சிகையின் அட்டையில் ‘அல்டெயர் 8800’ என்னும் சிறு கணனி இடம்பெற்றது. நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் அல்புகேர்க் நகரிலிருந்த எம்.ஐ.ரி.எஸ். என்ற சிறிய நிறுவனம் அதனை 400 டொலருக்குச் சற்றுக் குறைவான விலையில், வாங்குபவரே பற்றவைத்துப் பொருத்தும் உதிரித் தொகுதியாக விற்றது. இன்டெல் 8080 முறைவழியாக்கியும் 256 பைட் நினைவகமும் கொண்ட அக்கருவியால் ஆற்றக்கூடியது மிகச் சிறிதே. எனினும் அதன் உள்ளே 100 முனைகள் கொண்ட பொது இணைப்புத்தடம் ஒன்றிருந்தது. அத்தடத்திலே செருகத்தக்க நினைவக அட்டைகளையும் காட்சி அட்டைகளையும் பிற சிறு நிறுவனங்கள் தாமே ஆக்கி விற்கத் தொடங்கின. பொறியை விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே, உறுப்பை மட்டும் விற்கும் மூன்றாமவர் தோன்றியது இவ்வாறுதான்.

இந்தப் போக்கை வீட்டுக்குள் கொண்டுவந்தது 1977இல் வெளியான ‘அப்பிள் 2’. அதன் எட்டுச் செருகுவாய்களை வற்புறுத்திப் பெற்றவர் அதனை வடிவமைத்த ஸ்டீவ் வொஸ்னியாக். இரண்டே போதும் என்பது ஸ்டீவ் ஜொப்ஸின் கருத்து. செங்கல் அடுக்கைப் பந்தால் உடைக்கும் ‘பிரேக்கவுட்’ விளையாட்டைப் பேசிக் மொழியிலேயே எழுத இயலவேண்டும் என்ற விருப்பமே அக்கணனியின் நிறம், ஒலி ஆகிய வசதிகள் பலவற்றுக்குக் காரணமாயிற்று என்று வொஸ்னியாக் பின்னர் கூறியிருக்கிறார். திறந்த அமைப்பும் விளையாட்டும் தொடக்கத்திலேயே கைகோத்தன. 1984இல் அதே நிறுவனம் வெளியிட்ட மக்கின்டொஷ் கணனியிலோ செருகுவாய் ஒன்றுமில்லை. பெட்டியைத் திறப்பதற்கே தனித்த கருவி வேண்டியிருந்தது. திறந்த பொறி, மூடிய பொறி என்ற இரு கொள்கைகளும் ஒரே நிறுவனத்துக்குள் ஏழு ஆண்டு இடைவெளியில் வெளிப்பட்டமை கருதத்தக்கது.

2. திட்டமிடாத திறப்பு

திறந்த கொள்கை உலக வழக்கானது அப்பிளினால் அன்று; அக்காலத்துப் பெருங்கணனித் துறையை ஆண்ட ஐ.பி.எம். நிறுவனத்தினாலேயே. 1981 ஓகஸ்ட் 12ஆம் நாள் அறிமுகமான அதன் தனியாள் கணனி, புளோரிடாவின் பொக்கா ரட்டோனில் டொன் எஸ்ட்ரிஜ் தலைமையிலான சிறு குழுவினால் ஏறத்தாழ ஓராண்டிலே உருவாக்கப்பட்டது. அவசரம் காரணமாகத் தம் நிறுவனத்தின் ஆக்கங்களை விடுத்துச் சந்தையிற் கிடைத்த உறுப்புகளையே அக்குழுவினர் தெரிந்தனர். முறைவழியாக்கி இன்டெலினுடையது, இயக்க முறைமை மைக்ரோசொப்டினுடையது. ஐந்து செருகுவாய்கள் இருந்தன. சுற்றுவரைபடங்களும், அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு நிரலின் முழு வாசகமும் தொழினுட்பக் கைந்நூலிலே அச்சிடப்பட்டு விற்கப்பட்டன. பிறர் அட்டைகளை ஆக்குவதற்கு இது அழைப்பாக அமைந்தது.

அந்நிரல் பதிப்புரிமைக்கு உட்பட்டதாதலால், பொறியைப் பிறர் நகலெடுக்க இயலாது என்று ஐ.பி.எம். நம்பியது. ஹியூஸ்டன் நகரில் 1982இல் தொடங்கப்பட்ட கொம்பாக் நிறுவனம் அந்நம்பிக்கையைத் தகர்த்தது. நிரலைப் படித்து அது ஆற்றும் பணிகளை மட்டும் விவரிக்க ஒரு குழுவும், மூலத்தை ஒருபோதும் காணாது அவ்விவரணத்தை மட்டும் கொண்டு புதிதாக எழுத மற்றொரு குழுவும் அமர்த்தப்பட்டன. பதிப்புரிமை சொற்களைக் காக்கும். செயலைக் காக்காது என்ற சட்டநிலையே இதற்கு ஆதாரம். 1983இல் கொம்பாக் 11 கோடி 10 இலட்சம் டொலர் விற்பனை கண்டது. 1984இல் பீனிக்ஸ் நிறுவனம் இத்தகைய நிரலை எவர்க்கும் உரிமம் வழங்கி விற்கவே, உறுப்புகளைத் திரட்டக்கூடிய எவரும் கணனி ஆக்குநராயினர்.

ஐ.பி.எம். கதவை மூட முயலாமலில்லை. 1987இல் பி.எஸ்.2 கணனிகளோடு ‘மைக்ரோ சனல்’ என்ற புதிய இணைப்புத்தடத்தைக் கொணர்ந்து, அதனைப் பயன்படுத்துவோர் கட்டணம் செலுத்த வேண்டும் என்றது. தொழினுட்ப வகையில் அது பழையதினும் சிறந்ததே. ஆயினும் 1988இல் கொம்பாக் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் ஒன்றுகூடி மாற்றுத்தடமொன்றை அறிவித்தன; பயனாளரும் தம்மிடமிருந்த அட்டைகளைக் கைவிட விரும்பவில்லை. மைக்ரோ சனல் தோற்றது. 2005இல் ஐ.பி.எம். தன் தனியாள் கணனிப் பிரிவையே சீனாவின் லெனோவோ நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. ஆக, உறுப்பை மாற்றும் உரிமை எவராலும் கொடையாக வழங்கப்பட்டதன்று; ஓர் ஏகபோகத்தின் அவசரத்தாலும், அதன் பின்வந்த தோல்வியாலும் விளைந்தது.

3. விளையாட்டு என்னும் உந்துவிசை

அலுவலகத்துக்குக் கடிதமும் கணக்கும் போதும். அவற்றுக்கு 1980களின் பொறியே தாராளம். மேலும் மேலும் ஆற்றல் வேண்டியவர் விளையாடுவோரே. சிறு ஒலிப்பானின் கீச்சொலியன்றி வேறொலி அறியாத ஐ.பி.எம். வகைக் கணனிக்கு இசை தந்தது 1987இல் கனடாவின் கியூபெக்கில் உருவான ‘அட்லிப்’ அட்டை. அதனோடு இசைவுடையதாயும், பதிவுசெய்த குரலையும் ஒலிப்பதாயும், விளையாட்டுப் பிடியை இணைக்கும் வாயைத் தன்னகத்தே கொண்டதாயும் 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ அட்டையை வெளியிட்டது. ஒரு செருகுவாயில் இரு தேவைகள் நிறைவேறியமையே அதன் வெற்றியின் இரகசியம்.

1993 டிசெம்பரில் வெளியான ‘டூம்’ 386 முறைவழியாக்கியையும் 4 மெகாபைட் நினைவகத்தையும் வேண்டிற்று. பல வீடுகளில் நினைவகம் கூட்டப்பட்டது ஒரு விளையாட்டின் பொருட்டே. 1996இல் வந்த ‘குவேக்’ அதனினும் கடுமையான தீர்ப்பை வழங்கியது. முப்பரிமாணத் தோற்றத்தைச் சரிப்படுத்த இடையறாது தசம எண் வகுத்தல் வேண்டும். இன்டெலின் பென்டியத்தில் அவ்வகுத்தல் ஒருபுறம் நிகழ, முழுவெண் பகுதி மறுபுறம் புள்ளிகளை வரைந்துகொண்டிருக்கும். விளையாட்டின் நிரல் இந்த ஒருங்கியக்கத்தை நம்பியே எழுதப்பட்டது. அலுவலகப் பணிகளில் பென்டியத்துக்கு நிகராகவும் சில வேளை மேலாகவும் நின்ற சைரிக்ஸ் 6x86 முறைவழியாக்கி இங்கே பின்தங்கியது. விளையாடுவோர் அதனைக் கைவிட்டனர். பொதுவான வேகம் என ஒன்றில்லை, குறித்த பணிக்குரிய வேகமே உண்டு என்ற பாடத்தைப் பயனாளர் கற்றது இக்காலத்திலேயே.

4. தெரிவின் தருக்கம்

உறுப்புத் தெரிவின் அடிப்படை விதி எளியது: தொடர்ந்து நிகழும் வேலையின் வேகத்தை நிருணயிப்பது அதன் மிக மெதுவான கட்டமே. ஒரு படச்சட்டத்தை ஆயத்தஞ் செய்ய முறைவழியாக்கி 10 மில்லிசெக்கனும், அதனை வரைய வரைகலை அட்டை 20 மில்லிசெக்கனும் எடுப்பதாகக் கொள்வோம். ஒன்று வரைந்துகொண்டிருக்க மற்றது அடுத்த சட்டத்தை ஆயத்தஞ் செய்யுமாதலால், செக்கனுக்கு 50 சட்டங்கள் தோன்றும். முறைவழியாக்கியின் வேகத்தை இரு மடங்காக்கினும் 50 சட்டங்களே. அட்டையை இரு மடங்காக்கினால் 100 சட்டங்கள். அதற்கு மேலும் அட்டைக்குச் செலவிடுவது வீண், அப்போது தடை முறைவழியாக்கிக்கு மாறிவிடும். எந்த உறுப்பு தடையாக நிற்கிறது என்று முதலிற் கண்டறியாமல் செய்யும் மேம்படுத்தல் பணவிரயமே.

இத்தருக்கத்தை ஆழ்ந்து கற்றவர்கள் ஆக்குநரின் விலைப்பட்டியலையே கேள்விக்குள்ளாக்கினர். 1998 ஓகஸ்ட்டில் இன்டெல் 149 டொலர் விலையில் ‘செலரோன் 300ஏ’ என்ற மலிவு முறைவழியாக்கியை வெளியிட்டது. 66 மெகாஹேர்ட்ஸ் தடவேகத்தின் நாலரை மடங்கில், அதாவது 300 மெகாஹேர்ட்ஸில், அது இயங்கியது. தாய்ப்பலகையில் தடவேகத்தை 100 ஆக மாற்றினால் அதுவே 450 மெகாஹேர்ட்ஸில் ஓடிற்று. அதே மாதம் வெளியான 450 மெகாஹேர்ட்ஸ் பென்டியம் 2இன் விலை நான்கு மடங்குக்கும் மேல். இரண்டுக்குமிடையே விளையாட்டில் தோன்றிய வேறுபாடோ சொற்பம். விலை என்பது ஆக்கச் செலவின் எதிரொலி மட்டுமன்று, சந்தையைத் தரம்பிரிக்கும் உத்தியுமாகும் என்பதை மாணவர் பலர் பொருளியல் நூல்களில் அறியுமுன் இந்த 149 டொலர்ப் பொருளில் அறிந்தனர். இத்தகைய மாற்றங்களுக்கு இடந்தரும் தாய்ப்பலகைகளைத் தாய்வான் ஆக்குநர் போட்டியிட்டு வழங்கினர். தோக்கியோவின் அகிஹபாரா, தாய்ப்பேயின் குவாங்ஹுவா, ஹொங்கொங்கின் சம் சூயி போ, கொழும்பு பம்பலப்பிட்டியின் யுனிட்டி பிளாசா எனக் கணனிக் கடைகள் செறிந்த இடங்கள் பல நகரங்களிலும் உருவாயின.

5. மூடியவரின் வீழ்ச்சி

1996இல் திரீடிஎப்எக்ஸ் நிறுவனத்தின் ‘வூடூ’ அட்டை வீட்டுக் கணனிக்கு வந்தது. முப்பரிமாணப் படங்களை மட்டுமே வரைந்த அதனை, ஏற்கெனவே உள்ள காட்சி அட்டையோடு வடத்தால் இணைக்க வேண்டியிருந்தது. அரங்க விளையாட்டுப் பொறிகளுக்கென வகுக்கப்பட்ட அச்சில்லு வீட்டுக்குள் வர இயன்றமைக்கு, அவ்வாண்டிலே நினைவகச் சில்லுகளின் விலை வீழ்ந்ததும் ஒரு காரணம். சில்லை மட்டும் தான் ஆக்கி, அட்டைகளைப் பிற நிறுவனங்கள் ஆக்கி விற்க விட்டவரை அந்நிறுவனம் தழைத்தது. 1998 டிசெம்பரில் எஸ்.ரி.பி. என்ற அட்டை ஆக்குநரை வாங்கித் தானே எல்லாவற்றையும் விற்க முற்பட்டதும், பழைய கூட்டாளிகள் என்விடியாவின் சில்லுகளை நாடினர். 2000 டிசெம்பரில் திரீடிஎப்எக்ஸின் உடைமைகளை என்விடியாவே வாங்கிற்று. மைக்ரோ சனலின் கதை இங்கே சிறிய அளவில் மீண்டும் நிகழ்ந்தது எனலாம்.

இதற்கு எதிரிடையான சான்றும் உண்டு. ஏ.எம்.டி. நிறுவனம் 2017இல் ‘ரைசன்’ முறைவழியாக்கிகளோடு பரவலாக்கிய ஏ.எம்.4 என்ற தாங்கியை ஐந்து ஆண்டுகளின் பின்னரும் கைவிடவில்லை. விளையாட்டில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாகிய 5800எக்ஸ்3டி 2022இல் வெளிவந்தபோது, 2017இன் தாய்ப்பலகைகள் பலவற்றிலும் நிரலைப் புதுப்பித்தபின் அதனைப் பொருத்த முடிந்தது. பலகையை மாற்றாது ஆற்றலைப் பெருக்கிய பயனாளர் பலர்.

6. இன்றைய நெருக்கடி

விளையாடுவோரின் பணத்தால் வளர்ந்த வரைகலைச் சில்லு, ஆயிரக்கணக்கான எளிய கணிப்புகளை ஏககாலத்திற் செய்வது. 2012இல் தொரன்டோ பல்கலைக்கழகத்தின் கிரிசெவ்ஸ்கி, சுட்ஸ்கேவர், ஹின்டன் ஆகியோர் படங்களை இனங்காணும் நரம்பு வலையமைப்பொன்றைப் பயிற்றியது இரண்டு ஜி.ரி.எக்ஸ். 580 அட்டைகளிலேயே, அவை கடையில் எவரும் வாங்கத்தக்க விளையாட்டு அட்டைகள். செயற்கை நுண்ணறிவின் புதிய யுகம் அங்கிருந்து விரிந்தது. ஆனால் விளைவு விளையாடுவோர்க்குச் சாதகமாகவில்லை. முதலில் மறைகுறி நாணயம் அகழ்வோர் 2017இலும் 2020–21இலும் அட்டைகளை மொத்தமாக வாங்கிக் குவித்தனர். 2022 செப்ரெம்பரில் எதீரியம் அம்முறையைக் கைவிட்டபின் அந்நெருக்குதல் தணிந்தது. பின்னர் தரவு நிலையங்கள் வந்தன. 2023 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் தரவு நிலைய வருமானம் ஏறத்தாழ 1,500 கோடி டொலர். விளையாட்டு வருமானம் ஏறத்தாழ 900 கோடி. 2025 டிசெம்பரில் மைக்ரோன் நிறுவனம், 1996 முதல் வீட்டுப் பயனாளர்க்கு நினைவகம் விற்றுவந்த ‘குரூசியல்’ வணிகத்திலிருந்து விலகுவதாகவும், தரவு நிலையங்களின் தேவைக்கு முதன்மை கொடுப்பதாகவும் அறிவித்தது.

மறுபுறம் பொறியே மூடிவருகிறது. அப்பிள் 2020இல் வெளியிட்ட எம்1 சில்லில் நினைவகம் முறைவழியாக்கியோடு ஒரே பொதியில் அமைந்தது. வாங்கியபின் கூட்ட வழியில்லை. இதற்குத் தொழினுட்ப நியாயம் இல்லாமலில்லை: தூரம் குறையின் வேகம் கூடும், மின்செலவு குறையும். ஆனால் மைக்ரோ சனலும் தொழினுட்ப வகையிற் சிறந்ததே என்பதை மறத்தலாகாது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரண்டு உண்மைகள் புலனாகின்றன. உறுப்பை மாற்றத்தக்க கணனி இயற்கையான ஒன்றன்று. பல ஆக்குநர் போட்டியிட்டதாலும், பயனாளர் தம் பழைய உறுப்புகளைக் கைவிட மறுத்ததாலும் நிலைத்த ஒரு வரலாற்று விளைவு. முன்னர் அதனை மூட முயன்றோர் தோற்றமைக்குக் காரணம், விளையாடும் வாடிக்கையாளர் அவர்களுக்கு இன்றியமையாதவராக இருந்தமையே. இன்று அவ்வாடிக்கையாளர் பெரிய வாடிக்கையாளர் அல்லர். முந்திய வெற்றிகளை நினைந்து இம்முறையும் கதவு தானே திறந்துகொள்ளும் என எதிர்பார்த்தல் வரலாற்றைத் தவறாக வாசிப்பதாகும்.

இழக்கப்படுவது மலிவான விளையாட்டு மட்டுமன்று. தன் மேசைமேலுள்ள பொறியைத் திறந்து, எது எதனைத் தடுக்கிறது எனக் கண்டு, சிறிது பணத்தோடும் பெரிய கவனத்தோடும் அதனைச் சீராக்கிய பதினாறு வயதினர் பலர் பின்னாளிற் பொறியியலாளராயினர். மூடிய பெட்டி அத்தகைய கல்வியை வழங்காது. திருகாணியைத் திருப்பும் உரிமை சிறியதாகத் தோன்றினும், பொறியை அறிந்து ஆள்பவர் யார், அதனை வாங்கி நுகர மட்டும் விதிக்கப்பட்டவர் யார் என்ற பெரிய வினா அதனுள்ளேயே அடங்கியுள்ளது.