படகைத் தின்னும் பூஞ்சணம்: ராயபுரம் முதல் எண்ணூர் வரை

கடலுக்குப் போகும் படகுக்கு எதிரி யார் என்று கேட்டால் புயல், பாறை, பெரிய அலை என்று அடுக்குவோம். ஆனால் சத்தமே இல்லாமல் படகைத் தின்னும் எதிரி ஒன்று உண்டு. பூஞ்சணம்!

இதில் ஒரு வேடிக்கை. மரப்படகை அழுக வைப்பது பெரும்பாலும் கடல் நீர் அல்ல, மழைநீர்தான். மரத்தை அரிக்கும் பூஞ்சணத்துக்கு உப்பு பிடிக்காது. அடித்தட்டில் தேங்கும் மழைத்தண்ணீர், காற்று புகாத மூலை, கொஞ்சம் வெதுவெதுப்பு... இவ்வளவு போதும், அங்கே குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும். 19ம் நூற்றாண்டில் அமெரிக்கக் கப்பல் தச்சர்கள் கப்பலின் விலாச் சட்டங்களுக்கு இடையே உப்பைக் கொட்டி நிரப்பினார்கள். மழைநீர் ஒழுகினாலும் உப்பைக் கரைத்துக்கொண்டுதான் மரத்துக்குள் போகும். கிட்டத்தட்ட நம் ஊர் ஊறுகாய் கணக்குதான்!

மரத்தின் ஈரம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சணம் வளராது. இந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமலேயே அதற்கு வழி கண்டவர்கள் சோழமண்டலக் கரை மீனவர்கள். கட்டுமரத்துக்கு ஆணி கிடையாது, மலைவேம்பு போன்ற இலேசான மரங்களைக் கயிற்றால் கட்டுவதோடு சரி. கடலிலிருந்து திரும்பியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் பரப்பிக் காய வைப்பார்கள். மறுநாள் மீண்டும் கட்டு. ஊறிய மரம் கனக்கும், மிதக்காது என்பதுதான் இதற்கு முதல் காரணம். ஆனால் அதே வேலையில் பூஞ்சணமும் ஒழிந்தது, மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவும் ஒழிந்தது (பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம்!). 1697ல் வெளிவந்த தன் பயணநூலில் ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். ஆங்கிலத்துக்குப் போன அந்தச் சொல் இன்று உலகம் முழுக்கச் சுற்றுகிறது. தினமும் அவிழ்த்துக் காய வைக்கும் பழக்கம் மட்டும் கூடப் போகவில்லை.

சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்த மசூலா படகும் இதே குடும்பம்தான். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். தையலைப் பிரித்தால் கெட்ட பலகையை மட்டும் மாற்றலாம்.

மரத்தின் தரமும் முக்கியம். பிரிட்டிஷ் கடற்படை 1810ல் நீரில் இறக்கிய 'குவீன் சார்லட்' என்ற பிரமாண்டமான போர்க்கப்பல் சில வருடங்களுக்குள்ளேயே உளுத்துப்போய் பெரும் செலவு வைத்தது. மறுபக்கம் 1817ல் பம்பாயில் வாடியா குடும்பத்துத் தச்சர்கள் தேக்கில் கட்டிய 'திருக்கோணமலை' (ஆங்கிலத்தில் டிரிங்கோமாலி) இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது.

சரி, வடசென்னைக்கு வருவோம். இங்கேதான் கதையே மாறுகிறது.

1875ல் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1881 புயல் அதுவரை கட்டியதை உடைத்துப் போட்டது. மீண்டும் கட்டினார்கள். நம் கரையோரம் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் கரையைத் தின்றது. மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிறவர்கள் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்! வடக்கே வீடுகள் போனதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். மரத்தைக் காய வைக்கும் மணலும் அதோடு போனது. இன்று அந்தக் கரையில் பாறாங்கல் தடுப்பும் தூண்டில் வளைவுகளும்தான். கல்லின் மேல் கட்டுமரத்தை இழுத்துப் போட முடியுமா?

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வந்த பிறகு விசைப்படகுகள் நாள்கணக்கில் தண்ணீரிலேயே நிற்கின்றன. காய்வதற்கு நேரம் மீன்பிடி தடைக்காலம்தான். தமிழகத்தில் 2001 முதல் 45 நாள் தடை இருந்தது. 2017ல் அது 61 நாளாகி, இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்த தடை, நல்ல கோடையில் வருவதால் படகுக்கும் மருத்துவம் ஆகிவிட்டது. மரப்படகைக் கரையேற்றி, பழைய பெயிண்ட்டைச் சுரண்டி, உளுத்த பலகையை வெட்டி எடுத்து, இடுக்கில் பஞ்சு அடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே மேலே பூசுவார்கள். ஈரமரத்தில் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே சிறைப்படும், அப்புறம் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். வணிகவியல் மாணவர்கள் தேய்மானத்தை வருடத்துக்கு இவ்வளவு என்று நேர்கோட்டில் எழுதிவிடுவார்கள். மரப்படகின் தேய்மானம் ஒரு மழைக்காலத்திலேயே வந்துவிடும்!

விஞ்ஞானமும் சும்மா இருக்கவில்லை. 1957ல் தொடங்கிய கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், சீக்கிரம் உளுக்கும் ரப்பர் மரத்துக்கே இரண்டு முறை மருந்தேற்றி வள்ளம் செய்து காட்டியது. 1979ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு சென்னையைத் தலைமையிடமாக வைத்து வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கி, கரையேற்றும் புதுப் படகுகளைச் சோதித்தது. நல்ல மரம் கிடைப்பது குறையக் குறைய ஃபைபர் வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்தவையும் பெரும்பாலும் ஃபைபர் படகுகளே. பூஞ்சணம் ஃபைபரைத் தின்னாது. ஆனால் உள்ளே பலகை வைத்து மூடிய இடத்தில் ஒரு விரிசல் விழுந்தால் போதும், பழைய எதிரி மறுபடியும் வந்துவிடுவான்.

எண்ணூரில் வந்தது வேறு எதிரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் பரவியது. படகு, வலை எல்லாம் கறுப்பு. பூஞ்சணம் என்றால் வெயிலில் போட்டுச் சுரண்டலாம். இந்த எண்ணெயோ காயக் காயப் பிசின் போல இறுகும். படகு ஒன்றுக்கு ரூ.10,000 நிவாரணம் என்று அரசு அறிவித்தது. அந்த மார்கழியில் எண்ணூர் மீனவர்கள் கடலுக்குப் போவதற்குப் பதில் படகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.